கார்த்திகையில் கட்டிய பாட்டுகள்

குமுளி
11.12.1974

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

நல்லமுத்து எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். கம்பத்தில் நீயும் மாமாவும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன் தம்பி கருத்தப்பாண்டி எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பிள்ளையைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் பாட்டுக் கட்டுகிற மனுசனோடு இனிமேல் குடித்தனம் இல்லை, மலையேறி வரமாட்டேன் என்று நீ சொன்னதாக எழுதியிருந்தான். இதையும் அவன்தான் உனக்கு வாசித்துக் காட்டுவான். பாதியில் எழுந்து போய்விடாதே.

பாட்டுக் கட்டியது உண்மைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ அத்தையோடு பஸ் ஏறிய பிறகு, எனக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. வேலை விட்டு வந்தால் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு பொங்குவேன், சாப்பிட மறந்துவிடுவேன். பசியும் தெரியவில்லை. அப்போதுதான் பஜனைக்காரர் சங்கையா அண்ணன் வந்தார். கேதம் நடந்த வீடு என்பதால் இந்த வருசம் நான் மாலை போடக்கூடாது, ஐயப்பன் கொட்டகைக்குள்ளும் போகக்கூடாது. அவர் சொன்னார், "மாலதான்யா போடக்கூடாது. பாட்டுக் கட்டக்கூடாதுன்னு எவன் சொன்னான்? கார்த்திக முழுக்க தெனம் ஒரு புதுப்பாட்டுக் கட்டிக் குடு. நான் பாடுறேன்." சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

நான் என்ன பெரிய வித்துவானா? ஆர்மோனியத்தில் நாலு மெட்டு தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் பாட்டு வந்தது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து தினமும் ஒன்று எழுதினேன். மலை, காடு, புலி, நெய் என்று விறகை அடுக்குகிற மாதிரி சொற்களை அடுக்கினேன். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. சாயங்காலம் சங்கையா அண்ணன் பாடுவார். நான் வெளியே பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பேன். நன்றாக இருக்கிறது என்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது.

போன வாரம் ஒரு பாட்டுக் கொடுத்தேன். ஐயப்பன் சின்னப் பிள்ளைதானே, காட்டிலிருந்து அவரைக் கூப்பிடுகிற மாதிரி எழுதியிருந்தேன்.

பனி இறங்கி வருதய்யா, ஆடினது போதுமய்யா
படியேறி வாருமய்யா, பால் ஆறிப் போகுதய்யா
முழங்காலுச் சிராய்ப்புக்கு மஞ்சள் அரைச்சு வச்சிருக்கேன்
முகங்கழுவி விடுறேன் வாருமய்யா

இரண்டாவது தடவை பாடும்போது பின்பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் ஒரே அழுகை. சங்கையா அண்ணனாலும் முடிக்க முடியவில்லை. பக்கத்து லயத்து வீட்டு முத்துப்பேச்சி எழுந்து வெளியே வந்து என்னிடம் கேட்டாள், "எந்தச் சாமிக்குண்ணே முழங்கால்ல சிராய்ப்பு இருக்கு? இது நம்ம செல்லத்துரையில்ல?"

சத்தியமாகச் சொல்கிறேன் ராமுத்தாய், அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சாமியை நினைத்துத்தான் எழுதினேன். தாளை வாங்கி விளக்கடியில் மறுபடி படித்தேன். அவன்தான். நீ வாசலில் நின்று கூப்பிடக் கூப்பிட வராமல் விளையாடுவானே, அவனேதான். அத்தனை பேர் அழுகிறார்கள், நான், கொட்டகையில் வாசிக்கக் கொடுத்திருந்த என் ஆர்மோனியத்துத் துருத்தியில் எங்கேயோ காற்றுப் போகிறது, ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன். பெற்றவன் நான்.

அன்றோடு பாட்டு நின்றுபோனது. மாதம் முடியவில்லை. சங்கையா அண்ணன் கேட்கவில்லை, பழைய பாட்டுகளையே பாடிக்கொள்கிறார்.

மலைப்பாதையில் சரிந்த மண்ணை அள்ளிவிட்டார்கள், கம்பம் பஸ் இப்போது ஒழுங்காக வருகிறது. எஸ்டேட்டில் இந்த வருசக் கம்பளி கொடுத்துவிட்டார்கள், உன் பங்கையும் வாங்கி வைத்திருக்கிறேன். கோழிகளை முத்துப்பேச்சி பார்த்துக்கொள்கிறாள். அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்.

நீ நினைக்கிற மாதிரி அவனை மறந்துவிட்டு நான் பாடவில்லை. பாட்டு வந்தது, அழுகைதான் வரவில்லை. காய்ச்சலில் அவன் என் மடியில் போன நேரத்திலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு வரவில்லை. நான் என்ன ஆகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கருத்தப்பாண்டி வாசிக்கிறானே என்று இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். வாசிக்கட்டும்.

நீ வந்து என்னைத் திட்டு, கல்நெஞ்சுக்காரன் என்று சொல். பாட்டுக் கட்டக்கூடாது என்றால் ஆர்மோனியத்தைச் சங்கையா அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன். வந்து, இந்த வீட்டில் உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு அழு. நான் பக்கத்தில் இருக்கிறேன். நீ அழுதால் எனக்கும் வரும்.

மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
செல்லத்துரை அப்பா