அண்ணிக்கு வண்டி ஓட்ட வந்துவிட்டது

அண்ணி,

நேற்று மாலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு பழைய கார் நின்றுபோயிருந்தது. பஸ்ஸுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசியில் முடியாமல் நின்றிருக்கிறது. என் வண்டி அதை ஒட்டிப் போனபோது அந்த வாசனை வந்தது. தேங்காய் நாரும் ரப்பரும் சேர்ந்து கருகினாற்போல, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. கண்ணாடியை ஏற்றினேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டது. அந்தக் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் காலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. எதிரில் இருந்தபோது பேசாத விஷயத்தை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும்போதே உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வேலூரில் உங்கள் அப்பாவின் ஜீப்பைக் காலேஜ் நாட்களிலேயே ஓட்டியவர் நீங்கள். அண்ணனுக்குத் தேரடித் தெருவில் ஜவுளிக்கடை, நடந்தே போய்விடுவார். கார் பகலெல்லாம் வாசலில் சும்மா நிற்கும். உங்களுக்கோ அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அந்தப் பக்கம் பஸ் வந்தால் உண்டு. வண்டியை நான் எடுத்துப் போகிறேனே என்று நீங்கள் கேட்டதும் அண்ணன் சரி என்றார். பெருமையாகத்தான் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. காலையில் நீங்கள் என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிடும்போது என் தோழிகள் பார்க்கட்டும் என்று நான் மெதுவாக இறங்குவேன்.

அண்ணனுக்கு ஒரே ஒரு பைத்தியம், மைலேஜ். மாலையில் கடை வாசலில் டீ குடிக்கும் நண்பர்களுக்குள் யார் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் பேச்சு. பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல் சொல்லிக்கொள்வார்கள். அதில் அண்ணன் முதலாவதாக வர வேண்டும். மெக்கானிக் மணியைக் கூப்பிட்டு, கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் வழியைக் குறைக்கச் சொன்னார். வண்டி நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகத்தையும் இறக்கி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா அணைந்துவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. வேகம் பிடித்துவிட்டால் நன்றாகத்தான் போகும். அண்ணன் ஓட்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான வேலூர் ரோட்டில். அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நீங்கள் ஓட்டிய ரோடு வேறு. வாசலை விட்டதும் மேடு, மேடு முடிந்ததும் கடைத்தெரு, மாடு, சைக்கிள், பூக்கூடை. நிறுத்தி, எடுத்து, நிறுத்தி, எடுத்துப் போக வேண்டும்.

"எடுக்கும்போது புல்லிங்கே இல்லைங்க. முன்னாடி இப்டி இல்ல" என்று அண்ணனிடம் சொன்னீர்கள்.

"வண்டில ஒண்ணும் இல்ல. நீ கிளட்ச் மேலயே கால வெச்சினு இருக்க."

அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்து சீட்டில் தினமும் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவீர்கள். வண்டி நகர்ந்து கியர் விழுந்ததும் உங்கள் இடது கால் பெடலை விட்டு இறங்கித் தரையில் பதிந்துவிடும். மெட்டி போட்ட அந்தப் பாதம் இப்போதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரயில்வே கேட்டில் காத்திருந்த ஒரு காலையில், பிறகு ஏன் வண்டியில் இந்தக் கருகல் வாசனை வருகிறது என்று கேட்டேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினீர்கள். "இது இஞ்சின், இது சக்கரம். கிளட்ச்ச விட்டா ரெண்டும் ஒட்டிக்கணும். இஞ்சினுக்குத் தெம்பு இருந்தா டக்குனு ஒட்டிக்கும். தெம்பு கம்மியா இருந்தா ஒட்டின உடனே ஆஃப் ஆயிடும். ஆஃப் ஆவாம இருக்க நான் ஆக்ஸிலேட்டர ஜாஸ்தி குடுத்து, கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விடறேன். அந்த நேரம் பூரா உள்ள இப்டித்தான் நடக்குது." கைகளைப் பரபரவென்று தேய்த்து என் கன்னத்தில் வைத்தீர்கள். சுட்டது. இருவரும் சிரித்தோம்.

முதல் கிளட்ச் பிளேட் தேய்ந்தபோது வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. இரண்டாவது போனபோது அம்மா பேசினாள். பக்கத்து வீட்டில், பால்காரரிடம், கடைக்கு வந்த உறவுக்காரர்களிடம். பொம்பளை கால் பட்டால் கிளட்ச் தாங்காது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

மூன்றாவது பிளேட் ஒரு பௌர்ணமியன்று போனது. கிரிவலக் கூட்டம் மதியமே வரத் தொடங்கியிருந்தது. பள்ளி விட்டு என்னையும் கல்லூரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். ஓரடி நகர்வதும் நிற்பதுமாக வந்த வண்டியின் அடியிலிருந்து புகை கிளம்பியது. இஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னாக்கா, வண்டிக்கு சாம்பிராணி போடறியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆமாண்ணா, ரொம்ப திருஷ்டி. நீயும் வந்து ஒரு கை தள்ளு" என்றீர்கள். அவர் நிஜமாகவே இறங்கி வந்து தள்ளினார். நான் தள்ளவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த வண்டியில் வந்தவளே இல்லை என்பதுபோல் ஓரமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் கூச்சம் என்று விட்டிருப்பீர்கள். அதை நானும் எனக்கு மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

மணி மூன்றாவது முறையாகப் பிளேட்டை மாற்றி வண்டியைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தீர்கள். அவருக்கும் அண்ணனுக்கும் டீ எடுத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன். பானட் திறந்திருந்தது.

"அண்ணே, இன்னொரு பிளேட்டு மாத்துனா எனக்கே பாவம் வந்துடும்" என்றார் மணி. "அண்ணி கால்ல ஒண்ணும் இல்ல. நாம பெட்ரோலக் கொறச்சதுதான். கொஞ்சம் தொறந்து வுடட்டுமா?"

அண்ணன் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். நான் நிற்பதை அவர் பொருட்டாகவே நினைக்கவில்லை.

"தொறந்து வுடு. வீட்ல சொல்ல வேணாம்."

மறுநாள் காலை நீங்கள் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் வேறு குரலில் பேசியது. கிளட்ச்சை விட்டீர்கள். வண்டி மேட்டில் சும்மா ஏறியது. மேடு முடிவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "யாரோ வண்டிக்கு சோறு போட்டிருக்காங்க!" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலை அண்ணன் கடையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஆவலோடு கேட்டீர்கள், "கார்பரேட்டர்ல கை வெச்சாங்களா? ரொம்ப நல்லா இழுக்குதுங்க."

"யாரும் ஒண்ணும் கை வெக்கல. இப்பதான் உனக்கு ஓட்ட வந்திருக்கு" என்றார் அண்ணன்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "போவட்டும், மூணு பிளேட்டுல கால் படிஞ்சிச்சே" என்று சொல்லிக் கேசரி கிண்டினாள். அப்பா, உங்களோடு அதிகம் பேசாதவர், "நல்லதும்மா" என்றார். வாரம் முழுக்கத் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் உங்களைப் பாராட்டினார்கள். திட்டு வாங்கிய நாட்களில் பதிலுக்குப் பேசிய உங்களுக்கு, இந்தப் பாராட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவள் நீதானே, உனக்குத் தெரியாதா என்று கேட்பதுபோல் இருந்தது. அப்போது நான் கதைகள் நிறையப் படித்துக்கொண்டிருந்த காலம். அநியாயம் செய்யப்பட்டவர்களுக்காகப் புத்தகத்தை மூடிவிட்டு அழுதிருக்கிறேன். எங்கள் வீட்டு ஹாலில் முந்திரியை ஒதுக்கி ஒதுக்கிக் கேசரி சாப்பிட்டேன்.

பயத்தால் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. அண்ணன் என்னை ஒருநாளும் அடித்ததோ அதட்டியதோ இல்லை. என் படிப்புக்காக அப்பாவிடம் வாதாடியவர். அவர் பொய் சொன்னபோது அந்தப் பொய்யை நானே சொன்னதுபோல் என் முகம் சுட்டது. அதை மறைப்பதுதான் எனக்கு அவசரமாக இருந்தது. உங்கள் பெயரைக் காப்பாற்றுவது அடுத்த அவசரமாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் சாவியைப் பூஜை அலமாரிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். நன்றாக ஓட்ட வந்த பிறகு எதற்கு பஸ் என்று அம்மா கேட்டாள்.

"பஸ்ல போனா பேப்பர் திருத்தலாம் அத்தை" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. பிரசவ வலி வந்தபோது ஆட்டோதான். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோதான். சில வருஷங்களில் அண்ணன் காரை விற்றார். நான் கல்யாணமாகிப் போய், வேலைக்குச் சேர்ந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, என் காரில் முதல்முறை உங்கள் வாசலில் வந்து நின்றபோது, "ஒரு ரவுண்டு போறீங்களா அண்ணி?" என்று சாவியை நீட்டினேன். அதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, கலர் நன்றாக இருக்கிறது என்றீர்கள். சாவியை வாங்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நீங்கள் இல்லாமல் அவர் பாதியாகிவிட்டார், அது பொய்யில்லை. பேச்சு காருக்கு வந்தது. "மூணு பிளேட்டு போச்சு. ஒரு வார்த்த திட்டலயே நானு. பொறுமையா கத்துக் குடுத்தேன். அப்புறம் எப்டி ஓட்டுவா தெரியுமா?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் ஈரச் சிரிப்புச் சிரித்தார்கள். அண்ணன் நடிக்கவில்லை அண்ணி. அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்புகிறார். இத்தனை வருஷத்தில் யாரும் அதை மறுத்துச் சொல்லாததால் அவருக்கு அது உண்மையாகிவிட்டது. மறுத்துச் சொல்லக்கூடியவள் எதிரே பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். அழுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது பாப்பா என் பின்னாலேயே வந்தாள். உங்கள் நெற்றி, உங்கள் பிடிவாதம்.

"அத்தை, அம்மாக்கு நெஜமாவே வண்டி ஓட்ட வராதா?"

"யார் சொன்னது? உங்கம்மா வேலூர்லயே ஜீப் ஓட்டினவங்க. அவங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப ஏன் மூணு பிளேட்டு போச்சு?"

"வண்டி சரியில்ல" என்றேன்.

"வண்டிய யாரு கெடுத்தது?"

கொடியில் அவள் அப்பாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை மடித்தேன். பிரித்து மறுபடியும் மடித்தேன். அவள் மற்ற துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

உங்கள் கால் சரியாக இருந்தது என்பது இப்போது உங்கள் மகளுக்குத் தெரியும். மீதியை என்றாவது அவள் மறுபடியும் கேட்பாள், கணக்கு டீச்சரின் பெண் பாதியில் விடமாட்டாள். அன்றைக்கும் என் கையில் மடிக்க ஏதாவது ஒரு துணி அகப்பட்டுவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.