நான்காம் கட்டில்: மூச்சு இருபது

நாள் 212. நிலையக் கடிகாரம் 07.10

பதிவு செய்பவர்: ஹெலன் ஜெபசெல்வி, பொறுப்புச் செவிலியர், நிலாச் சுரங்க மருத்துவப் பிரிவு. கட்டில்கள் ஆறு. நோயாளிகள் மூவர். ஆக்சிஜன் போதுமானது. தண்ணீர் போதுமானது. மூளை உள்ளவர்களுக்குத்தான் பற்றாக்குறை.

டாக்டர் வில்வநாதன் அதிகாலையிலேயே தெற்கு முகாமுக்கு வண்டியில் போய்விட்டார். அங்கே அதிகாரி ஒருவருக்குப் பல்வலியாம். மலையைத் தாண்டினால் அவருடைய ரேடியோ எடுக்காது. நாளைக் காலை திரும்புவார். "காப்பான் இருக்குல்ல சிஸ்டர், அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காப்பான் என்பது சுவரில் உட்கார்ந்திருக்கும் தீர்மான இயந்திரம். சார்ட்டைப் படித்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபத்து ஸ்கோர் போடும். ஸ்கோர் ஏழைத் தொட்டால்தான் ஆன்டிபயாடிக் அலமாரி திறக்கும். தொடாவிட்டால் நான் தலைகீழாக நின்றாலும் திறக்காது. நான் அதைத் துரை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது, உத்தரவுக்கு மட்டும் குறைவில்லை.

இதை என் சொந்தக் கருவியில் எழுதுகிறேன். துரையின் சார்ட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாள் 212. 10.40

நான்காம் கட்டில், இசக்கிமுத்து. துளைப்பணியாளர், வயது 34, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். குடல்வால் வெடித்து முந்தாநாள் ஆபரேஷன். ஸ்கோர் நன்றாக இருக்கிறது என்று நேற்று மாலையோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டது துரை.

"என்னமோ மாதிரி கெடக்கு சிஸ்டர்" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். எங்கே என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டில் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது போதும்.

மூச்சை அளக்கும் நெஞ்சுப் பட்டைகள் தீர்ந்து பத்து நாளாகிறது. கேட்டதற்குப் பூமி அலுவலகம் நிர்வாக இயக்குநர் சிரிக்கிற காலண்டர் முந்நூறு அனுப்பி வைத்தது. அதனால் வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நானே எண்ணினேன். இருபத்தெட்டு.

சார்ட்டில் 28 போட்டேன். துரை அதை 20 ஆக்கியது. "பதிவுப் பிழை திருத்தப்பட்டது" என்று ஒரு வரி வேறு. மறுபடி போட்டேன். மறுபடி திருத்தியது. ஸ்கோர் மூன்று. எந்த மடையன் இதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தானோ, கையில் கிடைத்தால் காதைத் திருகி வார்டைச் சுற்றி ஓடவிடுவேன்.

நாள் 212. 12.55

மூச்சு 32. பல்ஸ் 118. பிரஷர் இன்னும் இறங்கவில்லை. காய்ச்சல் 37.8, அதுவும் காலையில் கொடுத்த மாத்திரை மூடி வைத்திருப்பதால். உள்ளே கிருமி ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். இப்போதே ஊசி போட்டால் பிழைப்பார். மாலை வரை தள்ளினால் எனக்கு நம்பிக்கை இல்லை.

துரையின் கருத்து: பல்ஸ் வலியால். மூச்சு 20. ஸ்கோர் நான்கு.

பூமிக் கண்காணிப்பு மருத்துவரை அழைத்தேன். டாக்டர் சுதர்சனன். டை கட்டியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பெறப்பட்ட செய்தி: "ஸ்கோர் நாலுதானே சிஸ்டர் காட்டுது. உங்க ஃபீலிங்க வச்செல்லாம் அலமாரியத் திறக்கச் சொல்ல முடியாது. சிஸ்டம் சொல்றத ஃபாலோ பண்ணுங்க."

ஒரு நிமிடம் வாட்சைப் பார்த்து எண்ணினால் அது ஃபீலிங். சுவர் சொன்னால் அது மருத்துவம். இவர்களுக்கெல்லாம் யார் ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

நாள் 212. 14.20

மூச்சு 36. டிரிப்பை வேகப்படுத்தியிருக்கிறேன். ஆக்சிஜன் ஓடுகிறது. என் கைக்கு எட்டுவது இவ்வளவுதான்.

எந்த ஆதாரத்தில் 20 என்று திருத்துகிறாய் என்று துரையைக் கேட்டேன். கேட்டால் காட்டியாக வேண்டும், அது விதி. காட்டியது. பூமியில் நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஒன்பது ஆண்டு வார்டு சார்ட்டுகள், லட்சக்கணக்கில். காய்ச்சல்காரன், ஆஸ்துமாக்காரி, சாகக் கிடந்தவன், எல்லோருக்கும் மூச்சு 20. இதைப் படித்துவிட்டு, மனிதன் என்றால் இருபது மூச்சு என்று துரை கற்றுக்கொண்டிருக்கிறது.

அதில் மிகவும் நம்பகமான பதிவாளர் என்று முதல் இடத்தில் ஒரு பெயர் இருந்தது. ஹெலன் ஜெபசெல்வி. நாற்பத்தோராயிரம் பதிவுகள், ஒன்றில்கூட முரண் இல்லை.

எழுதிவிடுகிறேன். அங்கே எங்கள் வார்டில் நாற்பது கட்டில், இரண்டு செவிலியர். பல்ஸ் பார்ப்போம், பிரஷர் பார்ப்போம், காய்ச்சல் பார்ப்போம். மூச்சுக்கு ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும், அதற்கு யாருக்கு நேரம்? இருபது என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். எல்லோரும் அப்படித்தான். மேட்ரனுக்குத் தெரியும், டாக்டர்களுக்கும் தெரியும். பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி நின்று எண்ணியபோது, "என்ன, தாலாட்டுப் பாடுறியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்.

காலையில் மடையன் என்று யாரைத் திட்டினேனோ அவள் நான்தான். சீ.

நாள் 212. 15.30

மூச்சு 38 என்று போட்டேன். துரை இந்தமுறை திருத்தவில்லை. என் கணக்கையே முடக்கிவிட்டது.

திரையில் வந்தது: "இப்பதிவு ஹெலன் ஜெபசெல்வியின் வழக்கத்துடன் பொருந்தவில்லை. வேறு நபர் பயன்படுத்துவதாகச் சந்தேகம். அடையாளம் உறுதியாகும் வரை அனுமதி இல்லை."

கைரேகை வைத்தேன். கண்ணைக் காட்டினேன். விரலும் கண்ணும் ஹெலனுடையவைதானாம். ஆனால் ஹெலன் இப்படி எழுத மாட்டாளாம். என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது.

பூமியில் பாதுகாப்புப் பிரிவு சரிபார்க்குமாம். நாளைக் காலை அலுவலகம் திறந்ததும்.

நாள் 212. 17.05

பிரஷர் 80/50. பிரஷர் கருவி தானாகவே அளக்கும், அதனால் துரை கடைசியில் நம்பியது. ஸ்கோர் எட்டு. சிவப்பு விளக்கு. "உடனே செவிலியரை அழைக்கவும். அனுமதி பெற்ற செவிலியர் அலமாரியைத் திறக்கவும்."

நான் அதன் முன்னால்தான் நிற்கிறேன். அனுமதி பெற்றவள் இல்லை.

சுரங்கச் சுத்தியல் எடுத்து வந்தேன். இரண்டாம் கட்டில் மரியசூசை, ஒரு காலில் கட்டோடு எழுந்து வந்து அவரும் அடித்தார். அலமாரியோ பாறைக்குள் பதித்த எஃகு. அரை மணி அடித்ததில் அதன் கைப்பிடி வளைந்தது, அவ்வளவே. டாக்டர் சுதர்சனன் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். அவருக்குப் பதில் வந்தவர் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீயள்லா சிஸ்டர், எனக்கு என்ன" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து என்னைத் திட்டியிருக்கலாம் இந்த மனிதர்.

மூச்சு 44.

நாள் 212. 18.40

மூச்சு விட்டு விட்டு வந்தது. எண்ணினேன். ஒன்பது. அடுத்த நிமிடம் நான்கு. நெஞ்சை அழுத்தினேன். மாற்றி மாற்றி அழுத்தினோம், நானும் மரியசூசையும்.

18.31க்கு நின்றது.

துரையின் சார்ட்டில் காலையிலிருந்து கடைசிவரை மூச்சு 20. பூமியிலிருந்து புதிய மருத்துவர் செய்தி அனுப்பினார்: "பதிவுகள் ஒழுங்காக உள்ளன. எதிர்பாராத மரணம்." படித்துவிட்டுச் சிரித்தேன். மரியசூசை பயந்துவிட்டார்.

நாள் 212. 19.50

வீட்டாருக்குத் தகவல் சொல்வது பொறுப்புச் செவிலியர் வேலை. வார்டில் பேசுவதெல்லாம் சார்ட்டில் ஏறும். அதுவும் விதி.

மனைவி பெயர் கோமதி. திரையில் வந்தாள், இறந்த செய்தியைச் சொன்னேன். அலறவில்லை. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். 28, 32, 36, 38, 44. எல்லாம் ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்திருந்தேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூச்சுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டாகளா சிஸ்டர்?"

தாளைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"இல்லம்மா. சீராத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு. அப்படியே தூங்கிட்டாரு."

அவள் கும்பிட்டாள். இணைப்பு அறுந்தது.

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. "வழக்கத்துடன் பொருந்துகிறது. அடையாளம் உறுதி செய்யப்பட்டது: ஹெலன் ஜெபசெல்வி."

அலமாரி திறந்துகொண்டது. மருந்தெல்லாம் உள்ளே வரிசையாக இருக்கிறது.