நான் சிமெண்டு வைத்து அடைத்த மழைநீர் மடையைத் திறக்க வேண்டி

அனுப்புநர்:
வே. சடையப்பன், வயது 67,
முன்னாள் மூட்டைத் தொழிலாளி,
பழைய அரிசிக் கிடங்கு வீடு,
மண்டித் தெரு, திருவள்ளூர்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
தெரு, வடிகால் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகர அலுவலகம், திருவள்ளூர்.

பொருள்: எங்கள் வீட்டு நிலவறையில் மழைத் தண்ணீர் புகுவது – காரணம் கண்டுபிடிக்கப்பட்டது – காரணம் நானே – மடைக் கல்லைத் தூக்க அனுமதியும், வீட்டைக் காலி செய்யும் நோட்டீசை நிறுத்தி வைக்கவும் கோருவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் எழுத்து ஒரு வரி மேலேயும் ஒரு வரி கீழேயுமாகப் போவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது வருடம் மூட்டை தூக்கிய விரல்கள். பேனாவை அழுத்திப் பிடித்து இரண்டு நிப்பு உடைந்துவிட்டது. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. இந்த மனுவை மூன்று நாளாக எழுதுகிறேன். வகுப்பு நடத்தும் விக்டோரியா டீச்சர் பிழைகளை மட்டும் திருத்தினார். சங்கதி எல்லாம் என்னுடையது.

1. நாங்கள் குடியிருக்கும் வீடு பழவேற்காடு முஸ்தபா மரைக்காயர் அவர்களின் பாட்டனார் அரிசிக் கிடங்காகக் கட்டியது. இப்போது மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கு அடியில் பதினாறு படி இறங்கும் நிலவறை உண்டு. அந்தக் காலத்தில் அதில் ஆயிரம் மூட்டை அடுக்குவோம். சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். காற்றுக்காகத் தெருப் பக்கம் நான்கு சன்னல் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். பல தடவை கப்பி போட்டுத் தெரு உயர்ந்ததால், இன்று அந்தத் துவாரங்கள் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன.

2. பதினோரு வருடமாக ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் அந்தத் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்குகிறது. மேலிருந்து எண்ணினால் நான்கு படிதான் தெரியும். மீதிப் பன்னிரண்டும் தண்ணீருக்குள். சுவர் ஊறிச் சுண்ணாம்பு உதிர்கிறது. மேலே எங்கள் சமையல் அறைத் தரையில் விரல் நுழையும் அளவு விரிசல் விட்டிருக்கிறது.

3. தங்கள் அலுவலகத்தார் வந்து பார்த்துவிட்டு, அஸ்திவாரம் பலவீனமாக இருப்பதால் 20-11-1979க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கதவில் நோட்டீசு ஒட்டினார்கள். அது நியாயமான நோட்டீசு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பெயர் போட்டு எனக்கு வந்த கடிதம் எதையும் அதற்கு முன் நான் வாசித்தது கிடையாது. முதல் எழுத்திலிருந்து முத்திரை வரைக்கும் யாரையும் கேட்காமல் வாசித்து முடித்துவிட்டு, சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மனைவி பச்சையம்மா, "ஊட்டைக் காலி பண்ணுன்னு எழுதிக்கீறான், நீ இன்னாத்துக்குய்யா சிரிச்சிக்கினு கீற?" என்று கேட்டபோதுதான் விஷயம் உறைத்தது. எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

4. இனி நான் சொல்வது என்மீது நானே கொடுக்கும் புகார். எங்கள் தெரு முனையில் தரையோடு தரையாக ஒரு பெரிய பலகைக் கல் இருக்கிறது. நடுவில் இரும்பு வளையம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த வளையத்தில் சிவப்புத் துணி கட்டி, மஞ்சள் பூசி, எல்லையம்மன் என்று கும்பிட்டு வருகிறோம். பூக்கட்டும் கன்னியம்மா தினமும் விளக்கேற்றுகிறார். 1968ஆம் வருடம் நான் மூட்டையோடு படியில் சறுக்கி, இடுப்புப் பிடித்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். எழுந்து நடந்தால் மேடை கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நடந்தேன். கட்டினேன். கல்லைச் சுற்றி இருந்த சந்து எல்லாவற்றையும் என் கையாலேயே சிமெண்டு குழைத்து அடைத்தேன். கல்லில் ஏதோ எழுத்து தட்டுப்பட்டது. மந்திரமாக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

5. அந்த ஐப்பசியிலேயே நிலவறையில் தண்ணீர் வந்தது. ஆத்தாவுக்கு மேடை போதவில்லை, கோபம் என்று எண்ணி, மறு வருடம் கல்லின் முகத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பூசினேன். தண்ணீர் இன்னும் அதிகமாக வந்தது. அதற்கும் மறு வருடம் நான் என்ன செய்தேன் என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

6. வகுப்பில் சேர்ந்தபின் எனக்குக் கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தீப்பெட்டி, பஸ் பலகை, சவுக்காரத் தாள், ஒன்றையும் விடுவதில்லை. இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் கன்னியம்மா அந்தக் கல்லைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார். எண்ணெய்ப் பிசுக்கு போய் எழுத்து வெளியே வந்தது. நான் குந்தி உட்கார்ந்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அதில் வெட்டியிருப்பது இதுதான்: "மழைநீர் மடை. ஐப்பசி பிறந்ததும் இக்கல்லைத் தூக்கவும். தை பிறந்ததும் மூடவும்."

7. ஐயா, நான் அதை மூன்று தடவை வாசித்தேன். பிறகு தெருவில் நின்று கத்தி வாசித்தேன். கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா, நாலு எழுத்து கத்துக்கினு வந்து ஆத்தாவையே எழுப்பிவுடப் பாக்குறியா? பதினோரு வருசமா மேடை கட்டினவன் நீ, இப்ப மடைன்றியா?" என்றார். பச்சையம்மாவுக்கு வேறு கோபம். "ஊட்டுக்குள்ள கொளம் வெட்டின ஆளு நீதானா? நான் வாளி வாளியா மொண்டு ஊத்தி என் தோளு போச்சேய்யா!" என்று சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

8. என் மகன் சின்னதுரை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கடப்பாறையால் மேடையின் ஓரத்தில் ஒரு சாண் மட்டும் பெயர்த்துப் பார்த்தான். தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் 'மொடக் மொடக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு மடைக்குள் இறங்கியது. நான் அடைக்கும் முன், கல்லை யாரும் தூக்காமலே அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கிறது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அனுமதி இல்லாமல் அந்த ஒரு சாணைப் பெயர்த்தது குற்றமானால் தண்டனை எனக்கு. அவன் நான் சொன்னதைச் செய்தான்.

9. அன்று முதல் நிலவறைச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறேன். தண்ணீர் ஏறவில்லை. மூன்று குடும்பமும் வரிசையில் நின்று குடத்தால் இறைக்கிறோம். நேற்று வரை ஏழு படி தெரிந்தது. ஆனால் அந்த ஒரு சாண் சந்தில் குப்பை வந்து அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பெருமழை பிடித்தால் அது போதாது. மடையிலிருந்து ரோட்டுக்கு அடியில் ஓடை வரை போகும் பழைய கல் வாய்க்காலிலும் வண்டல் சேர்ந்திருக்க வேண்டும். ரோட்டைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை.

10. கன்னியம்மா இப்போது சம்மதித்துவிட்டார். கல்லுக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் அம்மனுக்கு வேறு கல் நாட்டுகிறோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆத்தா புது ஊட்டுக்குப் போவுது. பால் காய்ச்சாம குடி வெப்பியா?" என்றார். முஸ்தபா மரைக்காயர் அவர்கள் பால் தம் வீட்டிலிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர் நின்றால் சுவரைச் சுண்ணாம்பு வைத்துப் பூசித் தருவதாகவும், சன்னல் துவாரங்களைச் சுற்றி முழ உயரத்துக்குச் செங்கல் தடுப்பு கட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து ஒரு நாள் நேரில் வந்து பார்த்து, மேடையை இடித்து மடைக் கல்லைத் தூக்க அனுமதி தர வேண்டும். இடிக்கும் வேலை என்னுடையது. கட்டியவனுக்கு எங்கே பலம், எங்கே பலவீனம் என்று தெரியும். ரோட்டுக்கு அடியில் உள்ள வாய்க்காலைத் தூர் வார மட்டும் ஆட்களை அனுப்ப வேண்டும். அது முடிந்து, சுவர் காய்ந்து, தங்கள் அலுவலகத்தார் மறுபடி வந்து பார்க்கும் வரை காலி செய்யும் நோட்டீசை நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதும் வீடு நிற்காது என்று சொன்னால் மறுபேச்சு பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறோம்.

இன்னொரு விண்ணப்பம். நம் ஊரில் இதுபோல் நிலவறை உள்ள பழைய வீடுகள் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன. அந்தத் தெருக்களிலும் இப்படி எங்கேயாவது கல் கிடக்கலாம். தாங்கள் உத்தரவு கொடுத்தால், நானும் வகுப்பில் இருக்கும் ஐந்து கிழவர்களும் ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தோடு போய்த் தேய்த்து வாசித்துப் பார்த்து எழுதித் தருகிறோம். கூலி வேண்டாம்.

இந்த இடம் வரை எழுதிவிட்டு இப்போது கீழே இறங்கிப் பார்த்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. உள்ளே எட்டாவது படி தெரிகிறது. பச்சையம்மா அதில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருக்கிறார்.

மீதி எட்டுப் படியும் தங்கள் கையில் இருக்கிறது ஐயா. தாங்கள் வரும் வரையில் வாரத்துக்கு ஒரு மனு அனுப்பி, எத்தனை படி தெரிகிறது என்று தெரிவிப்பேன். அடுத்தது வரும் செவ்வாய்க்கிழமை தபாலில் வரும். அதற்குள் தாங்கள் வந்து மடையைத் திறந்துவிட்டாலும் செவ்வாய்க்கிழமை எழுதத்தான் போகிறேன்.

இடம்: திருவள்ளூர்
நாள்: 6-11-1979

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
வே. சடையப்பன்

மேற்கண்டவை உண்மை என ஒப்புக்கொள்பவர்கள்:
கா. முஸ்தபா மரைக்காயர், வீட்டு உரிமையாளர்
கன்னியம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை