கரப்பான் ஒட்டாது

அக்காவுக்கு,

என் கை எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரித்தாயாம். கரப்பான் அடங்கிவிட்டது. திருவள்ளூர் தோல் டாக்டரம்மா களிம்பு கொடுத்து, "ரப்பர் கிளவுசுக்குள்ள பருத்தி கிளவுஸ் போட்டுக்கோ. இது யாருக்கும் ஒட்டிக்காதும்மா" என்றார். இப்போதெல்லாம் சொறியாமல் தூங்குகிறேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் விரல்கள் வெடித்து மடக்க முடியாமல் நான் தவித்தபோது, சாப்பாட்டு வேளையில் எனக்குச் சோறு ஊட்டிவிட்டு, அதே டப்பாவில் நீயும் சாப்பிட்டாய். கூடப் பிறக்காத அக்கா என்றுதான் நினைத்திருந்தேன்.

லைன் லீடர் வேலைக்கு என் பெயர் அடிபட்ட வாரம், சூப்பர்வைசர் ஏழுமலை சாரிடம் நீ சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அவ கையில கீற புண்ணு ஒட்டிக்கும் சார். பக்கத்துல குந்தவே எல்லாரும் பயந்துக்கினு கீறாங்கோ."

மறுநாளே என்னை நிறுத்திவிட்டார்கள். லீடர் வேலை உனக்குக் கிடைத்தது.

அவர் தெரியாமல் நம்பினார். ஒட்டாது என்று உனக்குத் தெரியுமே, அக்கா.

வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். நேற்று அங்கே ஒரு பெண் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாள். நல்லவளாகத்தான் தெரிந்தாள். நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

இப்படிக்கு,
நீ தங்கச்சி என்று கூப்பிட்டவள்