என் கைப்பேசிக்குள் நிற்காமல் பெய்யும் மழை

அனுப்புநர்:
கு. மாதேஸ்வரி,
அறை எண் 214,
மகளிர் தொழிலாளர் விடுதி, ஓசூர்.

பெறுநர்:
உயர்திரு நல அலுவலர் அவர்கள்,
மகளிர் தொழிலாளர் விடுதி, ஓசூர்.

பொருள்: எடுத்து வைக்கப்பட்ட கைப்பேசியை ஐந்து நிமிடம் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் மூன்று ஆண்டுகளாக இவ்விடுதியில் தங்கி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் குருமூர்த்தி சாமல்பட்டி அருகே மானாவாரியில் கடலை போட்டிருக்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் சுசித்ரா அவரோடு இருக்கிறாள். மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன்.

2. நான் என் கைப்பேசியிலும் மகள் அவள் அப்பாவின் கைப்பேசியிலுமாக, ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைச் சேர்ந்து ஆடுகிறோம். வீடு, கிணறு, பஸ் நிறுத்தம் எல்லாம் அவள் கட்டுவாள். வானமும் வெயிலும் மழையும் நான் விரலால் வரைவேன். ஒருவர் வரைந்த வானத்தை அவருடைய கைப்பேசியில்தான் அழிக்க முடியும். விளையாட்டுத்தானே என்று தாங்கள் நினைக்கலாம். காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது என் வானத்தைத்தான்.

3. இம்மாதம் 4ஆம் தேதி மாலை, சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலருகே நின்று, வெளியே கூடிய மேகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். தொழிற்சாலைக்குள் ஜன்னல் கிடையாது. வானம் பார்க்க எனக்கு வாய்த்த இடம் அதுதான். காப்பாளர் சாந்தம்மா அவர்கள், நான் சாம்பாரை வீடியோ எடுப்பதாக எண்ணி, மாத இறுதிவரை கைப்பேசியை வாங்கித் தங்கள் அலுவலகத்தில் வைத்துவிட்டார். முன்பு யாரோ எடுத்த சாப்பாட்டு வீடியோவால் அவர் பட்ட பாட்டை அறிவேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அம்மா, அந்தச் சாம்பாரில் படம் எடுக்க என்ன இருக்கிறது?

4. அன்று நான் வரைந்தது கனமழை. மானாவாரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, பிள்ளைக்குக் கொடுக்க அதைவிடப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்த மழைதான் பன்னிரண்டு நாட்களாக நிற்காமல் பெய்கிறது. மழை பெய்தால் அந்த விளையாட்டு ஊரின் மனிதர்கள் ஒருவரும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பெய்தும் கெடுக்கும் என்பது இதுதான் போலும்.

5. நேற்று விடுதித் தொலைபேசியில் மகளிடம் பேசினேன். "எல்லாரும் ஊட்டுக்குள்ளயே இருக்காங்கம்மா. நான் மட்டும் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்றாள். அந்த விளையாட்டு ஊரில் அவளுக்கென்று இருக்கும் பொம்மையைத்தான் சொல்கிறாள். உள்ளே கொண்டுபோய் விடு, நனைகிறதே என்றேன். "நீ பஸ்ஸுல வந்தா யாரு இருப்பா?" என்று கேட்டாள். அவளைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை அம்மா.

6. விதியை மீறிக் கைப்பேசியைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. மாத இறுதிவரை தங்களிடமே இருக்கட்டும். தங்கள் மேசையருகில், தங்கள் கண் முன்னால், ஐந்து நிமிடம் மட்டும் தந்தால் போதும். மழையை அழித்து ஒரு வெயில் வரைந்துவிட்டு அங்கேயே ஒப்படைத்துவிடுகிறேன். நான் ஊருக்குப் போக இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதுவரை என் மகள் நனையாமல் நிற்கத் தாங்கள் மனது வைக்க வேண்டுகிறேன்.

இடம்: ஓசூர்
நாள்: 16.08.2025

இப்படிக்கு,
கு. மாதேஸ்வரி