காகிதத்தில் என் வயது

அன்புள்ள அம்மாவுக்கு, ரஷ்யாவின் கசானிலிருந்து ஓய்நிசாவின் சலாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? ஃபோனில் பேசினால் வீடே கூடிக் கேட்கும். அதனால் ஊருக்கு வரும் தில்ஷோத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மட்டும் படியுங்கள்.

எனக்கு இது நான்காம் மாதம். குழந்தைக்குக் குறை ஏதும் உண்டா என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

"உனக்கு முப்பத்தெட்டு வயசு. அந்த வயசுக்குக் கணக்குப் போட்டா ஆபத்து அதிகம்னு வருது. வயித்துல ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"அது என் வயசு இல்ல டாக்டர். சின்னதுலயே செத்துப்போன எங்க அக்கா வயசு. அவ பொறந்த பதிவுக் காகிதம் வீட்ல கிடந்துச்சு, அதையே பேரோட எனக்கு வச்சுட்டாங்க" என்றேன். நம் ஊரில் இதற்காக இன்னொரு முறை பதிவு அலுவலகத்துக்கு யார் அலைவார்கள்?

அவர் சிரிக்கவில்லை. "அக்கா எதனால செத்தா? பிறவியிலேயே குறை ஏதும் இருந்துச்சா?" என்றார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும். நான் பிறந்த வருடம் எது, அவள் எதனால் இறந்தாள், இரண்டையும் தனியாக இருக்கும்போது ஃபோனில் சொல்லுங்கள்.

தில்ஷோத்திடம் காய்ந்த முசுக்கொட்டைப் பழம் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். எதைத் தின்றாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை சைத்முரோத் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் என்னை ஓய்நிசா என்று கூப்பிடுகிறார்கள். நீங்கள் மட்டும் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, இப்போதுதான் உறைக்கிறது.

உங்கள் இரண்டாவது மகள்