பிள்ளை தூக்கப் பயந்தவனுக்கு

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கஜீவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் தனுஷியாவும் என் பேத்தியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். கனடாவுக்கு வருகிற மேல்வீட்டு றஷ்மியிடம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சரக்குத்தூள் கொடுத்துவிடுகிறேன். மீன்கறியில் போட்டு தனுஷியாவுக்குக் கொடு. மணத்துக்கு முகம் சுளிப்பாள், விடாதே.

போனில் இந்தக் கதையை எடுத்தால், "லைன் கிளியர் இல்லை அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதுதான் இரண்டாம் வகுப்போடு நின்றவள் பேனை எடுத்திருக்கிறேன். பிழை கண்டால் சிரி.

தனுஷியா சொன்னாள். பால் கரைக்கிறாயாம், பிள்ளையின் உடுப்பெல்லாம் தோய்க்கிறாயாம், ஆனால் பிள்ளையை மட்டும் கையில் எடுக்க மாட்டாயாம். அவள் கோள் சொல்லவில்லை ராசா, அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கீழே காவலுக்கு இருக்கிற பண்டார சிங்களவர், முந்தி ஆமியில் இருந்தவர். சண்டையால் திரும்பி வந்து, தன் மகள் நடக்கும்வரை தான் அவளைத் தொடவில்லையாம். இப்போது அவள் கலியாணம் கட்டியும் தகப்பனோடு கதை இல்லை. "பிந்த விடாதீங்க அக்கே, மகனுக்குச் சொல்லுங்க" என்றார். எந்த இடத்துச் சண்டையில் நின்றவர் என்று நான் கேட்கவில்லை.

முள்ளிவாய்க்காலில் ஓடும்போது, கால் நோகுது என்று தங்கச்சி சாம்பவி அழ, நீ நெஞ்சோடு தூக்கினாய். செல் விழுந்து வெடித்து, துண்டு அவள் முதுகில் பட்டது. உனக்கு வந்ததை அவள் வாங்கிவிட்டாள் என்று இவ்வளவு வருடமும் நினைக்கிறாய். பின்னேரம்வரை நீ அவளைக் கீழே வைக்கவில்லை. நான்தான் உன் விரல்களைப் பிரித்து அவளை வாங்கினேன்.

ஆனால் நான் உனக்குப் பின்னால் வந்தவள். உன் தோளுக்கு மேலால் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. விடிந்ததிலிருந்து அழுத பிள்ளை, நீ தூக்கினதும் அழுகையை நிறுத்தி எனக்கு நாக்கைக் காட்டினாள். அம்மா நடக்கிறாள், தான் நடக்கத் தேவையில்லை என்ற பெருமை. அதுதான் நான் கடைசியாய் உயிரோடு கண்ட அவள் முகம். உன் கைதான் எனக்கு அதைத் தந்தது.

பேத்திக்கு அவள் பெயரை வைக்க வேண்டாம். இது புதுப்பிள்ளை, புதுப்பெயர் வையுங்கோ.

கட்டிலில் இருந்துகொண்டு எடு. ஒரு கை பிடரிக்குக் கீழே இருக்கட்டும். நடுங்கும். நடுங்கட்டும் ராசா, அப்பா ஆட்டுகிறார் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

உன் இரண்டு கைக்கும் பிள்ளையார் துணை.

அம்மா